சஹனில் வைத்த குளிசை

பாமசிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தக்காரர் கட்டாரிலோ சவுதியிலோ இருப்பார், அவருக்காக இருமிக் காட்ட வேறொருவர் கவுண்டரில் வந்து நிற்பார்.

கல்முனையில் ஒரு பாமசியில் மருந்து கொடுப்பது என் வேலை. எங்கள் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இளந்தாரியாகப் போகிறவர்கள் போன இடத்தில் வீட்டுக்கு ஒரு மேல்தட்டும், தங்களுக்கு நீரிழிவு என்கிற ஒரு சீனி வருத்தமும் சம்பாதித்து விடுகிறார்கள். அங்கே டொக்டரிடம் போக லீவு வேண்டும், பாஷை வேண்டும். அதைவிடப் பெரிய தடை பயம். வருத்தக்காரன் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பி விடுவார்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் மருந்துக் குளிசை இங்கே வாங்கப்பட்டு, பயணம் போகிற யாராவது ஒருவரின் கையில் கடல் தாண்டுகிறது.

என் மாப்பிள்ளை, என் புருஷன் றபீக்கும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறார். போன லீவில் வந்தபோது அவருடைய விரலைக் குத்திப் பார்த்து, சீனி என்று சொன்னது நான்தான். இனி வேலைக்குப் போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அங்கே டொக்டரிடம் போங்கள் என்றேன், அதையும் கேட்கவில்லை. கடைசியில் நானும் எல்லாப் பொஞ்சாதிமாரையும் போல் குளிசைப் பார்சல் கட்டத் தொடங்கினேன். ஆகவே, ஒரு கையில் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டும் மறு கையில் போனுமாகப் பாமசி வாசலில் காய்ந்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடி அலுமாரி நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போனுக்குள் ஒரு கால்

வீடியோவில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள் என்று நான் எல்லாப் பெண்களுக்கும் சொல்வதுண்டு. அந்தப் பழக்கம் சாய்ந்தமருதுப் பெண் ஒருவரால் வந்தது. ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் பின்னேர வேளையில் அவர் வந்து, ஒன்றும் பேசாமல் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே அவருடைய மாப்பிள்ளை, தம்மாமில், பாதி கட்டிய கட்டடத்துக்கு முன்னால் நின்று ஸலாம் சொன்னார். நான் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி விட்டார். கவுண்டரில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பி, பிறகு ஒரே நேரத்தில் திரும்பவும் பார்த்தார்கள்.

கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. இருமல் பாணி வாங்க வந்த ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, "இது பிறசர்தான்" என்று தீர்ப்பே எழுதி விட்டார். பிறசர் குளிசை குடிக்கிறீர்களா என்று போனைக் கேட்டேன். தலை சுற்றுகிற நாளில் மட்டும் குடிப்பதாகப் போன் சொன்னது.  இப்போதே, இந்த நிமிடமே டொக்டரிடம் போங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டு காற்சட்டையை இறக்கி விட்டார்.

"டொக்டரிட்டப் போனா ஒரு நாள் சம்பளம் போகும் மிஸ், மறுகா என்ன வருத்தம் எண்டு கம்பெனி கேக்கும். நீங்க பாத்தாக் காணும்."

போத்தலுக்குள் வானவில்

பயணம் போகிறவர்கள் பாவம். ஊரார் பார்சலைச் சுமந்தே முதுகு வளைந்து விடும். அதனால் இப்போது கொஞ்சம் கறாராக, "உள்ளங்கைக்குள்ள அடங்கிறத மட்டும் தாங்க" என்று சொல்லி விடுகிறார்கள். மருதமுனையில் ஒரு உம்மா இதை அப்படியே மனதில் எடுத்துக்கொண்டார். மகனுக்கு வாங்கிய சீனிக் குளிசை, பிறசர் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை எல்லாவற்றையும் காட் என்கிற அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் கொட்டி, மூடியை இறுக்கி, இது சரியா என்று என்னிடம் காட்டக் கொண்டு வந்தார்.

வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, திரும்பவும் வெள்ளை. திறந்தால் மாங்காய் ஊறுகாய் வாசம். இதில் சீனிக்கு எது, பிறசருக்கு எது என்று உங்கள் மகனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பெரிய வெள்ளை காலைக்கு, சின்ன வெள்ளை பொழுதுபட்டால் என்று சொல்லி அனுப்புவாராம். யாரிடம்? பயணம் போகிறவரிடம்! நான் தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து விட்டேன். உம்மா என்னைப் பார்த்து உண்மையாகவே இரக்கப்பட்டார்.

"எல்லாம் ஒரே வகுத்துக்குள்ளதானே மகள் போகுது, அதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கீங்க?"

உம்றாப் பை

 மக்காவுக்கு உம்றா யாத்திரை போகவிருந்த ஒரு ஹாஜியாரும், அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து வந்தார்கள். பெண்ணின் மகன் ஜித்தாவில் வேலை. அவனுக்கு நாட்பட்ட நரம்புக் குத்து. ஊரில் இருந்தபோது டொக்டர் எழுதிய மருந்தைத் தாய் வேறெங்கோ வாங்கிச் சேர்த்து, ஹாஜியாரின் கையில் கொடுத்து விடப் போகிறார். என்னிடம் கேட்டது ஒரு வெற்றுப் பெட்டி மட்டுமே. நான் பெட்டியைக் கொடுக்குமுன் மருந்தை வாங்கிப் பார்த்தேன்.  அங்கே போதை மருந்துக் கணக்கில் வரும் அந்த மருந்தை டொக்டரின் கடிதம் இல்லாமல் கொண்டு இறங்கினால் மறியல்தான், சிறைதான். விட்டமின் என்று நினைத்து, அதை இஹ்ராம் துணியின் மடிப்புக்குள் பத்திரமாக வைக்கப் போகிறாராம் இந்த மனிதர்.

விஷயத்தைச் சொன்னேன். ஹாஜியார் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, தோளில் கிடந்த பையை என் கவுண்டரில் கவிழ்த்தார். தெருவிலே வீட்டுக்கு ஒரு பொட்டலம்! எதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தருகிறவர்களைச் சந்தேகப்பட்டுப் பிரித்துப் பார்ப்பது மரியாதையா என்று கேட்டார். ஒவ்வொன்றாகப் பிரித்து, கொண்டு போகக் கூடியதை ஒரு பக்கமும், கூடாததை மறுபக்கமும் வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் என் மேல் கோபம் தீரவில்லை.

"அல்லாஹ்ட ஊட்டுக்குப் போற மனிசன ஆரு மிஸ் செக் பண்ணப் போறாங்க?"

ஒரு நாள் சுகம்

நாற்பதைத் தாண்டிய ஒருவர், நல்ல வாட்டசாட்டமான ஆள், திரும்பவும் குவைத் போக மெடிக்கல் எடுக்க வேண்டும் என்று வந்தார். பிறசரைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மெசினில்தான் பிழை என்று நினைத்து வேறு மெசினால் பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது. எந்த நேரமும் மூளையில் நரம்பு வெடிக்கலாம் என்ற நிலை. அவரோ சந்தைக்கு மீன் வாங்க வந்தவர் போல நின்றுகொண்டு, வியாழக்கிழமை மெடிக்கலுக்காக ஒரு நாளைக்கு மட்டும் பிறசர் இல்லாமல் இருக்க என்ன தருவீர்கள் என்று கேட்டார். வியாழனுக்கு மட்டும் தர ஒன்றும் இல்லை, கிளினிக்குக்குப் போய் ஒழுங்காக மருந்து எடுங்கள் என்று அனுப்பி விட்டேன்.

அடுத்த கிழமை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். மெடிக்கல் பாஸாம். யார் என்ன கொடுத்தார்களோ, கேட்கவே பயமாக இருந்தது. சரி, இனியாவது அங்கே போய் ஒரு டொக்டரிடம் காட்டி, நாளாந்தம் குளிசை எடுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

"விசா அடிச்சாப் பொறகு வாறது என்ட வருத்தமில்ல மிஸ், அது வேலைக்கு எடுத்த கபீல்ட பொறுப்பு."

சீனிக்கும் பசி

றமழான் தலைப்பிறை கண்ட மறுநாள் ஒரு பெண் வந்து, வழக்கமாக ரியாதுக்கு அனுப்பும் குளிசை இந்த மாதம் வேண்டாம் என்றார். நோன்பு காலத்தில் குளிசையின் நேரத்தை மாற்ற வேண்டும், டொக்டரிடம் கேட்டு விடியுமுன் ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் எடுக்கலாம், நிறுத்தக் கூடாது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய மாப்பிள்ளை இதைவிட நல்ல வழி வைத்திருக்கிறாராம். பேரீச்சம்பழமும் சர்பத்தும் வட்டிலப்பமும் வைத்து நோன்பு திறக்கிற மனிதர்!

"நோன்பு புடிச்சா சீனியும் பட்டினிதானே மிஸ், அது ஒரு மாசத்தில தன்ட பாட்டுல செத்துப் போயிடும் எண்டு செல்றாரு."

ஒரே ஊசி

எங்கள் ஊர்களில் கல்யாணம், கந்தூரி என்றால் சஹனில் சோறு. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துத் தின்பார்கள். வெளிநாட்டுக்குப் போனாலும் இது விடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் றூமுக்குள் சஹன் விரியும். நிந்தவூர் வாப்பா ஒருவர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, மகனுடைய சீனி பார்க்கும் மெசினுக்கு, இரத்தம் தொட்டு வைக்கும் பட்டி வாங்கினார். மகனின் றூமில் எல்லோரும் ஒரே ஊர்ப் பிள்ளைகளாம். பாதிப் பேருக்குச் சீனியாம். வெள்ளிக்கிழமை சோற்றுக்கு முதல் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து விரலைக் குத்திச் சீனி பார்ப்பார்களாம்.

நல்ல விஷயம் என்று பாராட்டிவிட்டு, ஊசி எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டேன். ஊசி வேண்டாம் என்றார். ஏன்? மெசினோடு வந்த ஊசி ஒன்று இருக்கிறதுதானே!  இரத்தத்தால் ஒருவரிலிருந்து ஒருவருக்கு என்னென்ன தொற்றும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவருடைய முகம் வாடியது. பிள்ளைகளின் நடத்தையைப் பற்றி நான் ஏதோ கேவலமாகக் கதைத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். ஊசிப் பெட்டியை என் கட்டாயத்துக்காக வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் நம்மட ஊர்ப் புள்ளைகள் மிஸ், ஒரு சஹன்ல திங்கிறவனுகள். வேற ஆக்களா?"

மலர் கொண்டு வந்த தயிர்

பாண்டிருப்பிலிருந்து மலர் என்று ஒரு பெண் மாதாமாதம் வருவார். அவருடைய கணவர் சிவநாதன் கட்டாரில் சமையல்காரர். என் மாப்பிள்ளையின் கம்பெனி, என் மாப்பிள்ளையின் றூம். அவருக்கும் சீனி. நாங்கள் இருவரும் கவுண்டரின் இரு பக்கமும் நின்று, ஒரே குளிசையை இரண்டு பார்சலாகக் கட்டி, ஆளுக்கு ஆள் புலம்பிக்கொள்வோம். பிறகு ஒரு நாள் மலரின் வரவு நின்று போனது. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உம்றாப் பையின் கதை ஊரில் காலும் கையும் முளைத்து, ஹாஜியார் மறியலுக்குப் போய் வந்ததாகவே பரவி விட்டது. அதன் பிறகு பயணம் போகிறவர்கள் யாருடைய மருந்தையும் தொடுவதில்லை. நான் டொக்டரின் கடிதமும் வைத்து, காட் அட்டையோடு கட்டுவதால் என் பார்சலை மட்டும் கட்டாருக்குப் போய் வருகிற ஒரு தெரிந்த டிரைவர் கொண்டு போவார். சிவநாதன் எப்படியோ துணிந்து அங்கேயே டொக்டரிடம் போய்விட்டார், நல்ல மனிதர் என்று நானாக முடிவு கட்டி, அவரைக் காட்டி என் மாப்பிள்ளைக்குப் போனில் புத்தியும் சொன்னேன். அவர் "ஓம், ஓம்" என்றார்.

மலர் ஒரு நாள் வந்தார். மருந்து வாங்க அல்ல. கையில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று, வாய்க்கு வாழையிலை கட்டி. என் கையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். விசேஷமா என்று அவர் திகைத்தார். சொன்னபோது நான் திகைத்தேன்.  நான் அனுப்புகிற குளிசையில்தான் என் மாப்பிள்ளையும் சிவநாதனும் இன்னும் இருவரும், ஆக அந்த றூமே உயிர் வாழ்கிறதாம். ஒரு ஆளுக்கு அளந்து கட்டிய குளிசை!

"நீங்க எல்லாருக்கும் சேத்துத்தானே அனுப்புறீங்க எண்டு நினைச்சன் மிஸ். உங்கட அவர் அப்பிடித்தானே இவரிட்டச் சொன்னவர்?"

மற்றக் கால்

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் காலைப் பாருங்கள் என்று வகுப்பு நடத்தினேனே, என் மாப்பிள்ளை வீடியோவில் எனக்கு முகத்தை மட்டும்தான் காட்டி வந்தார். நல்ல எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை, சிரிப்பு, "சாப்பிட்டியாகா?" என்ற கேள்வி. மெலிந்திருக்கிறார் என்று கண்டேன்; வெயில் என்றார், நம்பினேன். மலர் போனதும் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் எடுத்தேன். அவர் பவுசரை ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தார். போனைக் கீழே இறக்குங்க என்றேன். என்னத்துக்கு என்றார். இறக்குங்க என்று நான் போட்ட சத்தத்தில் முன்னால் நின்ற வாடிக்கையாளர்கள் பயந்து போனதாகப் பிறகு சொன்னார்கள்.

வலது காலைக் காட்டினார். சப்பாத்தைக் கழற்றி, விரலை எல்லாம் ஆட்டிக் காட்டினார். மற்றக் கால் என்றேன். சிக்னல் சரியில்லை என்றார். மற்றக் கால்! மெதுவாக இறக்கினார். பழைய சாரத் துணியைக் கிழித்துச் சுற்றிய கட்டு. அவிழ்க்கச் சொன்னேன். சின்ன விரல் கறுத்துப் போயிருந்தது, சுட்ட கத்தரிக்காய் போல. சப்பாத்து உரசியதாம், வலியே இல்லையாம், அதனால் ஒன்றும் இல்லையாம். வலி இல்லை என்பதுதான் பயங்கரம் என்று தெரிந்தவள் நான். நாளாந்தம் எத்தனை பேருக்குச் சொல்கிறேன்! எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏசினேன். நாலு பேருக்குக் கொடுத்தால் நாலு பேருக்கும் காணாது, அது உங்களுக்கு விளங்காதா, இது என்ன சோறா என்று கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

"பக்கத்துக் கட்டில்ல கிடக்கிறவனுகள் பாத்துக்கிட்டு இரிக்க, நான் மட்டும் எப்பிடிகா வாயில போடுற?"

வரிசையில் நின்றவர்

நான் மலருக்குப் போன் எடுத்தேன். மலர் சிவநாதனுக்கு எடுத்தார். றபீக்கை டொக்டரிடம் கூட்டிப் போகாவிட்டால் லீவுக்கு இந்த வீட்டு வாசல் மிதிக்க வேண்டாம் என்று சொல்லி விட்டார். மறுநாள் நால்வரும் புறப்பட்டார்கள். கம்பெனிக்குத் தெரியக் கூடாது என்று தனித்தனியாகப் போய், தொப்பியை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டு, ஏதோ களவுக்குப் போகிறவர்களைப் போல் கிளினிக்குக்குள் நுழைந்திருக்கிறார்கள். டொக்டர் காலைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் பெரிய ஆசுபத்திரிக்கு ஏற்றி விட்டார். அன்றே சின்ன விரலை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பாதம் போயிருக்கும் என்று அங்கே சொன்னதைச் சிவநாதன்தான் போனில் என்னிடம் சொன்னார். நான் அன்றைக்கு யாருக்கு என்ன மருந்து கொடுத்தேன் என்றே ஞாபகம் இல்லை. முதலாளி பார்த்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பி விட்டார்.

கம்பெனி அவரை அனுப்பியதா? இல்லை. கால் ஆறும் வரை பவுசரை விட்டு இறக்கி, வாசல் கேட்டில் உட்கார வைத்தது. இத்தனை காலம் இதற்கா பயந்தார்கள்! கிளினிக் அவர்களுடைய றூமுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. வேலைக்காரர்களுக்குச் சீனிக் குளிசை அங்கேயே கொடுக்கிறார்களாம், நான் இங்கிருந்து கடலுக்கு மேலால் அனுப்பிய அதே குளிசை. இதைக் கேட்டபோது சிரிப்பதா, சுவரில் தலையை மோதுவதா என்று தெரியவில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய அதிர்ச்சியை என் மாப்பிள்ளை கடைசியாகத்தான் அவிழ்த்தார். யாருக்குத் தெரியக் கூடாது என்று நால்வரும் ஒளித்துப் போனார்களோ, அந்தக் கம்பெனிச் சுப்பவைசரே கிளினிக் வரிசையில் நின்றிருக்கிறார், கையில் இரத்தம் சோதித்த காகிதத் துண்டோடு. இவர்களைக் கண்டதும் அவர்தான் முதலில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறார். பிறகு மெல்லக் கிட்ட வந்து, என் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பாஷையில் சொல்லியிருக்கிறார்; என் மாப்பிள்ளை அதைத் தமிழில் இப்படித் தந்தார்:

"தம்பிமாரே, நான் இஞ்ச வந்தத தயவுசெய்து கம்பெனில செல்லிராதீங்க."

கவுண்டருக்கு வெளியே

கால் ஆறி, லீவில் வந்தார். விமான நிலையத்தில் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்து நான் அழவில்லை; அழுகை எல்லாம் முதலே முடிந்து போயிருந்தது. வந்த கிழமையே பாமசிக்கு வந்தார். வாடிக்கையாளர்கள் நிறைய நின்றார்கள். இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும் என்று, அவரைக் கவுண்டருக்கு வெளியே கதிரையில் இருத்தி, காலைக் காட்டுங்க என்றேன். மனிதர் கூச்சப்படவே இல்லை. செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி, விரல் இருந்த இடத்தை எல்லோருக்கும் காட்டினார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மருந்தைப் பங்கு வைத்ததால் வந்தது என்று அழுத்திச் சொன்னேன். சாய்ந்தமருதுப் பெண், அந்தப் போனுக்குள் காலைக் கொண்டு வந்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் பேச்சு முடிந்ததும் அவர் தான் கொண்டு வந்த பையைத் திறந்தார். அங்கே கிளினிக்கில், லீவு முடியும் வரைக்கும் என்று அவருக்குக் கொடுத்த சீனிக் குளிசைகள், காட் காட்டாக. அவற்றைக் கண்ணாடி மேல் பிரித்து அடுக்கத் தொடங்கினார். இது மூத்த சகோதரர் காக்காவுக்கு. இது பள்ளிவாசல் பக்கத்து மாமாவுக்கு. இது மலரின் மாமியாருக்கு, அவவுக்கும் சீனியாமே.  உங்களுக்கு எங்கே என்று கேட்டேன். எனக்குத்தான் பாமசிக்காரி பொஞ்சாதியாக இருக்கிறாளே என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவு நேரமும் அழுதுகொண்டு நின்ற சாய்ந்தமருதுப் பெண், தன் மாப்பிள்ளைக்குச் சீனியல்ல, பிறசர் என்பதையும் மறந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, என்னைத் தாண்டி அவரிடம் கையை நீட்டினார்.

"அப்ப எங்கட ஆளுக்கும் ஒரு ரெண்டு காட் தாங்களன் காக்கா, கிடந்து என்ன செய்யப் போகுது?"

அந்தக் காட் அட்டைகளை எல்லாம் ஒரே அள்ளாக அள்ளி அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு நான் இந்தத் தொழிலில் கண்டதைச் சொல்கிறேன்: நம்மட ஆட்களுக்கு மருந்தை ஆள் கையில் கொடுத்தனுப்பினால் போதாது, அதை அவர்கள் தங்கள் வாயில்தான் போடுகிறார்களா என்று பார்க்கப் பொஞ்சாதியையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.